பழைய ஓவியங்களில் துரைமார் பொய்முடி அணிந்திருப்பது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும்போதெல்லாம், பழைய ஆளுநர்களின் ஓவியங்களுக்கு முன்னால் அவர்கள் சற்று அதிகநேரம் நின்றுவிடுகிறார்கள். அவர்களுடைய பார்வை வாளின்மீதோ பதக்கங்களின்மீதோ படிவதில்லை. அந்தத் தலைமுடியின்மீதுதான் படிகிறது. பிறகு ஒருவர் மாற்றி ஒருவராகக் கேட்கும் ஐயங்கள் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. பெற்றோரும் அவற்றையே கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்து விடை எழுதியிருக்கிறேன். ஒரு விடையில் விளக்கியதை மற்றொன்றில் மறுபடி விளக்கவில்லை என்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

படத்தில் இருப்பது சொந்த முடியா, டோப்பாவா? எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டும் உண்டு. ஓவியம் வரையப்பட்ட காலத்தைப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். 1660களிலிருந்து 1715 வரை வரையப்பட்ட ஓவியத்தில், பழுப்பு அல்லது கறுப்பு நிறச் சுருள்கள் இரு தோள்களிலும் அருவிபோல் வழிந்து மார்புவரை வந்தால் அது பெரும்பாலும் பொய்முடிதான். ஐசக் நியூட்டனின் இரண்டு ஓவியங்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1689ஆம் ஆண்டு ஓவியத்தில் அவருடைய சொந்த முடி நரைத்து, படியாமல் தொங்குகிறது. அதே ஓவியர் 1702இல் வரைந்ததில் அடர்ந்த பொய்முடி இருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு வந்தால் வடிவம் சிறிதாகிவிடுகிறது. காதுக்கு மேலே ஓரிரண்டு உருளைச் சுருள்கள், பின்னால் நாடா கட்டிய ஒற்றைச் சடை அல்லது சடையைப் போட்டு மூடிய கறுப்புப் பட்டுப் பை, எல்லாவற்றின்மீதும் வெள்ளைப் பொடி என்று அது மாறுகிறது. இந்தக் காலத்து ஓவியங்களில்தான் ஏமாந்துபோகிறோம். சொந்த முடியையே வளர்த்து, பொய்முடியைப் போலச் சுருட்டிப் பொடி தூவிக்கொண்டவர்களும் பலர் இருந்தார்கள்.

அப்படியானால் அவர்கள் எல்லோருக்கும் வழுக்கையா?

இல்லை. ஆனால் தொடங்கிவைத்தவருக்கு முடி கொட்டியது உண்மை. பிரான்சின் பதின்மூன்றாம் லூயி இளவயதிலேயே முடியை இழக்கத் தொடங்கி, 1620களில் பொய்முடி அணிந்தார். ஆண்கள் நீண்ட கூந்தல் வளர்ப்பது அழகு என்றும் ஆண்மை என்றும் கருதப்பட்ட காலம் அது. முடி இல்லாத அரசருக்கு அந்த அழகைக் கடன்வாங்க வேண்டியிருந்தது; அரசவையினரும் அரசரைப் பின்பற்றினார்கள்.

அவருடைய மகன் பதினான்காம் லூயிக்கு இளமையில் நல்ல முடி இருந்தது. அதை இழக்க மனமில்லாமல், சொந்த முடிக்கற்றைகளை வெளியே இழுத்துவிடத் துளைகள் வைத்த பொய்முடியைத்தான் முதலில் அவர் அணிந்தார். முழுப் பொய்முடிக்கு அவர் மாறியது 1673ஆம் ஆண்டு வாக்கில், முப்பத்தைந்து வயதில். வெர்சாய் அரண்மனையில் அவருடைய பொய்முடிகளுக்கென்றே தனி அறை ஒன்று இருந்தது. அதே 1673இல் பாரிசில் நாவிதர்களும் பொய்முடி செய்வோரும் குளியல் நிலையம் நடத்துவோரும் சேர்ந்த தனிக் கைவினைச் சங்கம் சட்டப்படி அமைக்கப்பட்டது. ஓர் அரசரின் தலையில் தொடங்கியது, ஐம்பதாண்டுக்குள் ஒரு தொழிலாகிவிட்டது.

பிரான்சு அரசருக்கு முடி கொட்டினால் இங்கிலாந்துக்காரர்கள் ஏன் அணிய வேண்டும்?

நாடுகடந்து வாழ்ந்த இரண்டாம் சார்லஸ் 1660இல் திரும்பி வந்து அரியணையேறினார் என்றும், வரும்போதே பிரெஞ்சுப் பொய்முடியைக் கொண்டுவந்தார் என்றும் பல இடங்களில் எழுதுகிறார்கள். பிரெஞ்சு அரசவையின் செல்வாக்கு அவரோடு வந்தது சரிதான். ஆனால் அவர் தலையில் பொய்முடி ஏறியது 1664இல்தான். இதை நாம் அறிவது, கடற்படை அலுவலகத்தில் வேலைபார்த்த சாமுவேல் பீப்ஸ் எழுதிவைத்த நாட்குறிப்பினால்.

அரசரின் தம்பி பொய்முடி அணியப்போகிறார், அரசரும் அணியப்போகிறார் என்ற பேச்சைப் பீப்ஸ் 1663 நவம்பர் 2ஆம் நாள் கேள்விப்படுகிறார். அன்றுதான் அரசரின் தலை எவ்வளவு நரைத்துவிட்டது என்பதையும் கவனிக்கிறார். மறுநாளே தம் முடியை வெட்டக் கொடுத்துவிட்டார். அதைப் பிரிய மனம் வருந்தியதையும் எழுதியிருக்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் எல்லோரும் தம்மையே உற்றுப் பார்ப்பார்கள் என்று அஞ்சிக்கொண்டு போனால், அப்படி ஒன்றும் நடக்கவில்லை. இந்தச் சிறு செய்தி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அரசர் இன்னும் அணியாத ஒன்றை ஓர் அலுவலர் அணிந்துகொண்டு வருகிறார். ஊர் அதை வியப்பாகப் பார்க்கவில்லை. வழக்கம் மேலிருந்து மட்டும் இறங்கிவரவில்லை. மேலே வரவேண்டும் என்று விரும்பியவர்களும் அதை எட்டிப் பிடித்தார்கள்.

மேகநோயை மறைக்கத்தான் அணிந்தார்கள் என்று படித்தேனே, உண்மையா?

சிபிலிஸ் எனப்படும் மேகநோயின் இரண்டாம் கட்டத்தில் முடி திட்டுத்திட்டாகக் கொட்டும் என்பது மருத்துவ உண்மை. அக்காலத்தில் அந்நோய் பரவலாக இருந்ததும், சிலர் அதனால் முடியிழந்து பொய்முடியை நாடியதும் நடந்திருக்கக்கூடியவைதான். ஆனால் இதையே முழுக் காரணமாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஐரோப்பாவில் அந்நோய் பெருங்கொள்ளையாகப் பரவியது 1490களில். பொய்முடி பொதுவழக்கமானதோ 1660களில். நோயை மறைப்பதுதான் காரணம் என்றால் நடுவில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஏன் காத்திருந்தார்கள்? மேலும், நோயின் அடையாளம் என்று ஊரார் கருதும் ஒன்றை நீதிபதியும் ஆயரும் பேராசிரியரும் பெருமையோடு ஓவியத்துக்கு அணிந்துகொள்வார்களா? கேட்பதற்குச் சுவையான காரணம் என்பதால் இது வாய்க்கு வாய் பரவுகிறது.

பேன் தொல்லைக்காக மொட்டையடித்துக்கொண்டு விக் வைத்தார்கள் என்கிறார்களே?

இதில் உண்மை கூடுதலாக இருக்கிறது. அடிக்கடி தலைக்குக் குளிக்கும் பழக்கம் இல்லாத நாட்டில், நீண்ட முடியைத் துப்புரவாக வைத்திருப்பது பெரும்பாடு. பொய்முடியை வாங்குவதா வேண்டாமா என்று பீப்ஸ் மாதக்கணக்கில் தயங்கியபோது, அவரை அந்தப் பக்கம் தள்ளியது இந்தத் தொல்லைதான் என்று அவரே எழுதுகிறார். தலையை ஒட்ட வெட்டிவிட்டால் அல்லது மழித்துவிட்டால் பேனுக்கு இடமில்லை. பொய்முடியைக் கழற்றி நாவிதரிடம் கொடுத்துவிட்டால் அவர் அதைக் கொதிநீரில் போட்டுத் துப்புரவு செய்து, மறுபடி சுருட்டித் தருவார். தலையைக் கழற்றிக் கொடுக்க முடியாதல்லவா?

ஆனால் பொய்முடிக்குள்ளும் ஈர் வந்தது. புதிதாக வாங்கியதிலேயே ஈர் இருந்ததைக் கண்டு பீப்ஸ் கடுஞ்சினம் கொண்டிருக்கிறார். அதைவிட அச்சம் தந்தது 1665இல் லண்டனைச் சூறையாடிய கொள்ளைநோய். நோய் பரவியிருந்த பகுதியில் வாங்கிய பொய்முடியை அணியவே அவருக்குத் துணிவு வரவில்லை. பிணங்களின் தலையிலிருந்து வெட்டிய முடியாக இருக்குமோ என்று அஞ்சி இனி யாரும் முடி வாங்கமாட்டார்கள், நோய் அடங்கியபின் இந்த வழக்கம் என்ன ஆகுமோ என்று அந்தச் செப்டம்பரில் எழுதினார். நோய் அடங்கியது, பொய்முடி நின்றது. துப்புரவு மட்டுமே காரணமாக இருந்திருந்தால் அந்த ஆண்டோடு அது முடிந்திருக்க வேண்டும்.

பொய் முடி என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுமே, பிறகு எதற்கு?

கேட்கப்படும் கேள்விகளில் ஆழமானது இதுவே என்பேன். இன்று நம்மிடையே ஒருவர் விக் வைத்தால், அது விக் என்று பிறருக்குத் தெரியக்கூடாது என்பதே அவர் விருப்பம். அன்றைய நிலை நேர்மாறானது. அவ்வளவு பெரிய சுருள்மலையைப் பார்த்து அதைச் சொந்த முடி என்று யாரும் நம்பமாட்டார்கள். நம்பவேண்டும் என்று அணிந்தவரும் எதிர்பார்க்கவில்லை. அவருக்கு அது ஓர் உடை. தலைப்பாகை கட்டியவரைப் பார்த்து, தலையை மறைக்கிறார் என்று நாம் சொல்வதில்லை. அவருடைய ஊரையும் குலத்தையும் பதவியையும் அந்தக் கட்டிலிருந்து படித்துக்கொள்கிறோம். பொய்முடியையும் அன்றைய ஐரோப்பியர் அப்படித்தான் படித்தார்கள்.

ஆகவேதான் ஆளுக்கு ஏற்ற வகைகள் தோன்றின. அரசவைக்கும் நீதிமன்றத்துக்கும் முழுநீளச் சுருள்முடி, மதகுருவுக்கும் மருத்துவருக்கும் கனத்துப் புடைத்த வட்டமுடி, வணிகருக்குக் கழுத்தளவில் நின்ற குட்டைமுடி, படைவீரருக்கு நீண்ட சடை என்று பிரிந்தன. 1706இல் ராமிலி என்ற இடத்தில் நடந்த போரில் ஆங்கிலேயர் வென்றபின், மேலும் கீழும் நாடா கட்டிய சடைமுடிக்கு அந்தப் போர்க்களத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள். முன்னே சொன்ன வழுக்கை, நரை, பேன் எல்லாம் இந்த வழக்கத்துக்குள் நுழையும் வாயில்கள். உள்ளே நூறாண்டுக்கு மேல் அதை நிறுத்திவைத்தது இந்தத் தகுதிக் குறிதான்.

எப்படிச் செய்தார்கள்? அவ்வளவு சுருள் கலையாமல் எப்படி நின்றது?

இதைக் கேட்பவர்கள் குறைவு. ஆனால் கேட்டவர்களுக்கு விடை சொல்வது எனக்கு மிகவும் பிடித்தமானது. முதலில் வாங்கிய முடியை நீளவாரியாகப் பிரித்து, எஃகுப் பற்கள் கொண்ட சீப்பில் இழுத்துச் சிக்கெடுப்பார்கள். பிறகு சிறுசிறு கற்றைகளாகக் களிமண் உருளைகளில் இறுகச் சுற்றி நூலால் கட்டி, நீரில் பல மணிநேரம் கொதிக்கவிட்டு, உலர்த்துவார்கள். நடுவில் ஒடுங்கி இரு முனையும் தடித்த அந்த உருளைகளைப் புகைக்குழாய் செய்யும் அதே வெண்களிமண்ணில் சுட்டெடுத்தார்கள். லண்டனில் தேம்சு ஆற்றின் கரைச்சேற்றில் இன்றும் அவை கிடைக்கின்றன.

அடுத்த படியைக் கேட்டால் மாணவர்கள் நம்ப மறுக்கிறார்கள். உருளைகளோடு முடியைத் தாளில் பொதிந்து, அதைச் சுற்றிக் கம்புமாவு போன்ற ரை மாவைப் பிசைந்து மூடி, ரொட்டிக்கடை அடுப்புக்கு அனுப்பி வேகவைப்பார்கள். ரொட்டி வேகும்போது உள்ளே சூடு மெல்ல ஏறி, சுருள் நிலைத்துவிடும். ஆறியதும் ரொட்டியை உடைத்து முடியை எடுப்பார்கள். பின்னர் சிறு சட்டத்தில் கட்டிய பட்டு நூல்களின்மீது முடியைச் சில இழைகளாக எடுத்து முடிந்து முடிந்து நெய்வார்கள். வாடிக்கையாளரின் தலையளவுக்குத் தேர்ந்த மரத்தலையில் வலைத்தொப்பியை மாட்டி, நெய்த வரிசைகளைக் கழுத்துப் பக்கமிருந்து மேல்நோக்கி அடுக்கடுக்காகத் தைத்துக்கொண்டு போவார்கள். நம் ஊரில் சவுரி கட்டுகிறவர்கள் இந்த வேலையின் அருமையை உடனே உணர்வார்கள்.

யாருடைய முடி அது? நம் கோயில்களில் கொடுக்கும் முடியும் போயிருக்குமா?

திருப்பதியிலும் பழனியிலும் காணிக்கையாகச் சேரும் முடி ஏலத்தில் விற்கப்பட்டு வெளிநாடுகளுக்குப் போவது நம் காலத்து வணிகம். நாம் பேசும் காலத்தில் ஐரோப்பிய நாட்டுப்புறப் பெண்களின் முடிதான் முதன்மையான சரக்கு. ஊர் ஊராகப் போய் முடி வாங்கும் வணிகர்கள் இருந்தார்கள். உழைக்கும் பெண்கள் முடியைத் தொப்பிக்குள் மறைத்தே வைத்திருந்ததால் அது வெயிலில் கெடவில்லை. வெட்டிக் கொடுத்தாலும் வெளியே தெரியவில்லை. சந்தையில் சில காசுக்கோ ஒரு துண்டுத் துணிக்கோ அவர்கள் கொடுத்துவிட்டுப் போன முடிதான் ஓவியத்தில் துரையின் தோளில் இருக்கிறது என்பதை மாணவர்களுக்குத் தவறாமல் சொல்கிறேன்.

மலிவான பொய்முடிக்குக் குதிரைமுடியும் ஆட்டுமுடியும் பயன்பட்டன. குதிரைமுடியில் சுருள் நன்றாக நிற்கும் என்பதால் விலையுயர்ந்தவற்றிலும் அதைக் கலந்தார்கள்.

விலை என்ன? சாதாரண ஆளும் வாங்க முடியுமா?

1663இல் பீப்ஸ் வாங்கிய இரண்டில் ஒன்று மூன்று பவுண்டு, மற்றொன்று இரண்டு பவுண்டு. நாட்கூலிக்கு உழைத்தவருக்கு அது பல வாரக் கூலி. பின்னர் வடிவம் சிறுத்து, தொழில் பெருகி, விலை இறங்கியதும் கடைக்காரர், கைவினைஞர், வீட்டு வேலையாள் என்று பலரும் அணிந்தார்கள். தலையில் பணம் இருக்கிறது என்று திருடர்களுக்கும் தெரிந்திருந்தது. கூடையில் ஒரு சிறுவனைத் தோளில் சுமந்து நெரிசலில் போவார்கள். சிறுவன் கையை நீட்டிப் பொய்முடியைப் பறித்துவிடுவான்.

ஏன் வெள்ளையாக்கினார்கள்? நரைத்தால்தான் மரியாதையா?

முதிர்ச்சி போன்ற தோற்றம் தரும் என்பது ஒரு பகுதி. முடியின் வெவ்வேறு நிறங்களை ஒன்றாக்கிவிடும் என்பதும், எண்ணெய்ப் பிசுக்கை உறிஞ்சும் என்பதும், நறுமணம் ஏற்ற வசதி என்பதும் மற்றப் பகுதிகள். கோதுமையிலிருந்து எடுத்த மாச்சத்தை நன்றாக அரைத்துச் சலித்து, லாவெண்டர், ஆரஞ்சுப்பூ போன்றவற்றின் மணத்தை ஏற்றுவார்கள். முடியில் முதலில் கொழுப்புப் பசையைத் தடவி, அதன்மேல் சிறு துருத்தியால் பொடியை ஊதுவார்கள். அப்போது பொடி கண்ணிலும் மூக்கிலும் போகாதிருக்க முகத்துக்குக் கூம்பு வடிவக் காகித மூடியும் உடலுக்குப் போர்வையும் உண்டு. உணவாக வேண்டிய கோதுமை இப்படித் தலைக்குப் போனது பின்னால் பெரிய சிக்கலாயிற்று. அதைக் கீழே சொல்கிறேன்.

நாள் முழுவதும் அதை வைத்துக்கொண்டேவா இருந்தார்கள்?

வீட்டுக்குள் வந்ததும் கழற்றிவிடுவார்கள். மழித்த தலை குளிரில் நடுங்கும் என்பதால் துணித்தொப்பியோ முண்டாசு போன்ற ஒன்றோ அணிவார்கள். இறுக்கமான மேல்சட்டைக்குப் பதில் தளர்ந்த நீள அங்கி ஒன்றும் உண்டு. அதன் பெயர் பன்யன். இந்திய வணிகர்களைக் குறித்த சொல்லிலிருந்து வந்த பெயர் அது; நம் சோழமண்டலக் கரையில் வண்ணம் தீட்டிய பருத்தித் துணியிலும் அந்த அங்கிகள் தைக்கப்பட்டன. இன்று நாம் உள்ளே அணியும் பனியனும் அதே சொல்தான். தொப்பியும் பன்யனுமாக ஓவியத்துக்கு அமர்ந்த கல்விமான்களும் பலர்.

பெண்களும் அணிந்தார்களா?

ஆண்களைப் போல முழுப் பொய்முடி அணிவது பெண்களிடம் பொதுவழக்கம் அன்று. 1770களில் பிரெஞ்சு அரசி மரீ ஆன்டாய்னெட் காலத்தில் உயர்ந்து நின்ற கொண்டைகளெல்லாம் சொந்த முடியைப் பஞ்சணைகளின்மேல் வாரி ஏற்றி, இடையிடையே சவுரி சேர்த்துக் கட்டியவை.

அமெரிக்காவின் ஜார்ஜ் வாஷிங்டன் வைத்திருப்பது விக்தானே?

இல்லை. செம்பழுப்பான சொந்த முடியை நீளமாக வளர்த்து, பின்னால் கட்டி, பொடி தூவிக்கொண்டார். முதல் விடையில் எச்சரித்த ஏமாற்றம் இதுதான். பெஞ்சமின் பிராங்க்ளின் இன்னும் ஒரு படி போனார். 1776 இறுதியில் தூதராகப் பிரான்சு சென்றபோது, பொய்முடியும் பொடியும் இல்லாமல் விலங்கின் மென்மயிர்த் தொப்பியோடு போய் இறங்கினார். அந்த எளிமையைப் பாரிசு மக்கள் கொண்டாடினார்கள்.

இவ்வளவு ஆழமான வழக்கம் எப்படி மறைந்தது?

மெல்லத்தான் மறைந்தது. 1760களிலேயே இளைஞர்கள் சொந்த முடியை வளர்க்கத் தொடங்கிவிட்டார்கள். பிழைப்புக் கெட்ட லண்டன் பொய்முடிக் கைவினைஞர்கள் 1765இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரிடம் ஊர்வலமாகப் போய், பொய்முடி அணிவதை ஆதரிக்குமாறு முறையிட்டார்கள். அவர்களில் பலரே பொய்முடி இல்லாமல் வந்ததைக் கண்ட கூட்டம், சிலரைப் பிடித்து முடியை வெட்டிவிட்டது. பசித்தவர்களின் முறையீடு அப்படி முடிந்ததைப் படிக்கையில் எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது.

1789இல் பிரெஞ்சுப் புரட்சி வந்தபின், தகுதிக் குறி என்று முன்னே சொன்னதே ஆபத்தான அடையாளமாயிற்று. (ஆனாலும் புரட்சித் தலைவர் ரொபெஸ்பியர் கடைசிவரை முடிக்குப் பொடி தூவிக்கொண்டுதான் இருந்தார்.) இங்கிலாந்தில் போர்ச்செலவுக்காகப் பிரதமர் பிட் 1795இல் பொடிக்கு வரி விதித்தார், பொடி பயன்படுத்துவோர் ஆண்டுக்கு ஒரு கினி, அதாவது இருபத்தொரு ஷில்லிங், கட்டி உரிமச்சீட்டுப் பெறவேண்டும். அதே ஆண்டு விளைச்சல் பொய்த்து ரொட்டிக்குத் தட்டுப்பாடு. மக்கள் பட்டினி கிடக்கையில் தலையில் மாவைத் தூவுவதா என்று அரசை எதிர்த்த பெட்ஃபோர்ட் பிரபுவும் நண்பர்களும் பொடியைத் துறந்து முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டார்கள். அரசின் வரியும் அரசை எதிர்த்தவர்களின் கத்தரியும் சேர்ந்து சில ஆண்டுகளில் வழக்கத்தை முடித்துவைத்தன. வரிச்சட்டம் மட்டும் 1869வரை ஏட்டில் இருந்தது.

அந்தத் தொழிலாளிகள் என்ன ஆனார்கள்?

பலர் முடிதிருத்துவோராகத் தொடர்ந்தார்கள். ஒருவரின் கதை மட்டும் உலகையே தொட்டது. ரிச்சர்டு ஆர்க்ரைட் என்ற ஆங்கிலேய நாவிதர் ஊர் ஊராகப் போய்ப் பெண்களிடம் முடி வாங்கி, தாமே கண்ட நீரில் கரையாத சாயம் ஏற்றிப் பொய்முடிக் கடைகளுக்கு விற்றுவந்தார். அந்தப் பிழைப்பு தளர்ந்தபோது பஞ்சு நூற்கும் பொறியில் கவனம் செலுத்தி, 1769இல் காப்புரிமை பெற்றார். 1771இல் குரோம்ஃபோர்டில் நீர்விசையால் ஓடும் ஆலையைத் தொடங்கினார். அந்த ஆலைகளின் நூலும் துணியும் பிறகு நம் நெசவாளர்களின் பிழைப்பில் கைவைத்தன.

எல்லோரும் விட்டபின் இங்கிலாந்து நீதிபதிகள் மட்டும் ஏன் விடவில்லை?

பொய்முடி நீதிமன்றத்துக்குள் தாமதமாகத்தான் நுழைந்தது. 1680களின் நடுப்பகுதிவரை நீதிபதிகள் சொந்த முடியோடுதான் வரையப்பட்டார்கள். தாமதமாக வந்தது தாமதமாகவே வெளியேறுகிறது. ஊர் வழக்கத்தோடு சேர்ந்து அணிந்ததை, ஊர் விட்டபின் பதவியின் உடையாக வைத்துக்கொண்டார்கள். ஆயர்கள் 1830களில் விட்டுவிட்டார்கள். வழக்கறிஞர்கள் விடாமல் இருந்ததற்கு ஒரு கைவினைஞரும் காரணம். ஹம்ப்ரி ரேவன்ஸ்கிராஃப்ட் என்பவர் 1822இல் வெள்ளைக் குதிரைமுடியில் காப்புரிமை பெற்றுச் செய்த பொய்முடிக்குப் பொடியும் வேண்டாம், அடிக்கடி சுருட்டவும் வேண்டாம். அணிவதிலிருந்த தொல்லை அதோடு பெருமளவு நீங்கிவிட்டது.

அணிந்தவரின் முகம் பின்னுக்குப் போய்ப் பதவி முன்னுக்கு வருகிறது என்பது ஆதரிப்போர் சொல்லும் காரணம். அதில் பொருள் இருக்கிறது என்றே நினைக்கிறேன். இருந்தாலும் அங்கேயும் குறைந்துகொண்டுதான் வருகிறது. நாடாளுமன்றப் பொதுச்சபைத் தலைவராக 1992இல் பொறுப்பேற்ற பெட்டி பூத்ராய்டு அதை அணிய மறுத்தார். 2008இல் உரிமையியல் வழக்குகளில் நீதிபதிகள் அதை விட்டார்கள். குற்றவியல் நீதிமன்றங்களில் தொடர்கிறது.

நம் வழக்கறிஞர்கள் கறுப்பு அங்கி போடுகிறார்களே, விக் மட்டும் ஏன் இல்லை?

அங்கியும் வெள்ளைக் கழுத்துப்பட்டையும் அதே ஆங்கிலேய மரபிலிருந்து வந்தவை. விடுதலைக்குப் பின், 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின்கீழ் வகுத்த உடைவிதிகள் அவ்விரண்டையும் வைத்துக்கொண்டன, பொய்முடியை ஏற்கவில்லை. சென்னை வெயிலில் அங்கியே சுமை என்று சொல்லும் வழக்கறிஞர்களை நான் அறிவேன். லண்டனில் அந்தக் குதிரைமுடியை வாங்கும் இளம் வழக்கறிஞர் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் அந்த ஒன்றையே அணிகிறார். அது பழுத்து மஞ்சளேறி, ஓரம் நைந்துபோனால் அவருக்கு அனுபவம் கூடிவிட்டது என்று மற்றவர்கள் மதிக்கிறார்கள்.